போலவும் ஆகவும்

ஒருவரைப் பற்றி நல்லதாக ஏதேனும் சொல்ல வேண்டுமென்று மனம் விரும்பும்போது, நமக்கு உடனே கைகொடுக்கும் சிறு சொல் ஒன்று உண்டு. 'போல' என்பதுதான் அது. அவர் எனக்குத் தகப்பனாரைப் போல. அவன் கூடப் பிறந்தவனைப் போல. அந்தப் பெண் எங்கள் வீட்டுப் பெண்ணைப் போல. பேச்சில் இதையே 'மாதிரி' என்போம். சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் அது இன்னும் சற்றுத் தேய்ந்து 'மாரி' என்று ஒலிக்கும். எப்படி ஒலித்தாலும் அதன் வேலை ஒன்றுதான்: இரத்தம் தராத உறவை இந்தச் சொல் தருகிறது.

இதைப் பற்றி எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது, இலக்கண ஆசிரியரிடம் விட்டுவிட வேண்டிய காரியமல்லவா என்று கேட்கலாம். ஆனால், இந்தச் சொல்லை நம்பி வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். இதை நம்பி ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள். மனிதர்கள் நம்பி ஏமாறக்கூடிய எந்தச் சொல்லும் இலக்கணத்தோடு முடிந்துவிடுவதில்லை.

ஆங்கிலத்திலிருந்து தொடங்குவோம். அந்த மொழியில் 'லி' என்று முடியும் சொற்கள் ஏராளம். 'மதர்லி' என்றால் தாய்க்குரிய, தாய் போன்ற என்று பொருள். 'ஃபிரண்ட்லி' என்றால் நண்பனைப் போன்ற. 'மேன்லி' என்றால் ஆண்மகனுக்குரிய. இவை பெயரை அடுத்து வரும் அடைமொழிகள். 'ஸ்லோலி' என்பது மெதுவாக என்று வினையை அடுத்து வரும். பெயருக்கும் வினைக்கும் ஒரே விகுதி எப்படிப் பொதுவாயிற்று? அந்த விகுதியின் வரலாற்றைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'லிக்' என்ற ஒரு தனிச்சொல் இருந்தது. உடல் என்பது அதன் பொருள். 'மதர்லி' என்றால் தாயின் உடல் கொண்ட, தாயின் வடிவில் அமைந்த என்பதே ஆதிப் பொருள். காலப்போக்கில் அந்த உடல் தேய்ந்து, எலும்பும் கரைந்து, ஓர் எழுத்து ஓசையாய்ச் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டுவிட்டது. 'போல' என்று பொருள்படும் 'லைக்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஒத்த உடல் உடையது என்பதே அதன் முதற்பொருள்.

இந்த வேர் டச்சு மொழியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. உயிரோடு என்று சொல்வது பொருந்துமோ என்னவோ! ஏனெனில் அந்த மொழியில் 'லெய்க்' என்ற சொல்லுக்கு இன்று பிணம் என்று பொருள். அதே எழுத்துகள் சொல்லின் கடைசியில் விகுதியாக வந்தால், 'போன்ற', 'உரிய' என்று பொருள். மனிதன் என்ற சொல்லோடு அந்த விகுதியைச் சேர்த்துத்தான் 'மனிதத் தன்மையுள்ள' என்ற சொல்லை டச்சுக்காரர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள். மனிதத் தன்மை என்றால் மனிதனின் உடலைப் பெற்றிருப்பது என்று அந்தச் சொல்லின் எலும்பு நமக்குச் சொல்கிறது. அது போதுமா என்பதுதான் கேள்வி.

டச்சுக்காரர்களைத் தேடி நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. பழவேற்காட்டுக்குப் போனால் போதும். அவர்கள் 1613இல் அங்கே ஜெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரையில் சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்கு அதுவே தலைமையிடம். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோட்டை இன்று இடிந்து, புதர் மண்டி, மேடாகிக் கிடக்கிறது. ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இன்றும் இருக்கிறது. அதன் வாசலில், இரண்டு பக்கமும், கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும், வணிகராயினும் அதிகாரியாயினும், கடைசியில் இந்த உருவம்தான் என்று அவை சொல்லாமல் சொல்கின்றன. உடலளவில் மனிதர் எல்லாரும் ஒருவரைப் போல ஒருவர் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் செதுக்கிவிட முடியாது.

அந்தக் கோட்டையிலிருந்து நடந்த வியாபாரத்தையும் சொல்ல வேண்டும். இங்கே வாங்கிய வண்ணத் துணிகள் கிழக்குத் தீவுகளுக்குப் போய், மிளகும் ஜாதிக்காயும் கிராம்புமாக மாறின. துணியோடு மட்டும் வியாபாரம் நிற்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில், முக்கியமாகப் பஞ்ச காலங்களில், இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாக விலை பேசப்பட்டுக் கப்பலேற்றப்பட்டார்கள். இன்று ஜகார்த்தா என்று வழங்கும் பத்தேவியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அவர்கள் போனார்கள். வாங்கியவர்களும் விற்கப்பட்டவர்களும் உடலளவில் வேறுபட்டவர்களா? இல்லை. கண், கை, பசி, காய்ச்சல், இறந்த பின் மிஞ்சும் எலும்பு, எல்லாம் ஒன்றுதான். அந்த ஒப்புமை அவர்களைக் காப்பாற்றவில்லை. உடல் ஒத்திருப்பதால் மட்டுமே ஒருவன் இன்னொருவனை மனிதனாக நடத்திவிடுவதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

இப்போது நம் மொழிக்கு வருவோம். தமிழிலும் ஒப்புமைக்கும் உடலுக்கும் தொடர்பு உண்டு. உவமையைக் காட்டும் சொல்லை நாம் உவம உருபு என்கிறோம். உருபு என்றாலே வடிவம் என்று பொருள். நன்னூல் 'போல' என்பதில் தொடங்கிப் பன்னிரண்டு உருபுகளைப் பெயர் சொல்லிக் கணக்கிடுகிறது. ஆனால் தமிழில் 'மெய்' என்ற சொல்லுக்கு உடல் என்றும் பொருள், உண்மை என்றும் பொருள். எனவே 'மெய்யாக' என்று நாம் சொல்லும்போது, ஆங்கிலக்காரன் தன் விகுதியில் மறந்துவிட்ட உடலை நாம் சொல்லின் முகத்திலேயே வைத்திருக்கிறோம். கூடவே உண்மையையும் வைத்திருக்கிறோம்.

'போல்' என்ற அதே வேரிலிருந்து தமிழ் இன்னொரு சொல்லையும் எடுத்துக்கொண்டது. அது 'போலி'. இலக்கணத்தில் அது குற்றமற்ற சொல்தான். அறம் என்ற இடத்தில் அறன் என்று ஓரெழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்து வந்து பொருள் மாறாமல் நின்றால், அதற்குப் போலி என்று பெயர். வாழ்க்கையில்தான் அந்தச் சொல் கெட்டுவிட்டது. போலி வைத்தியர், போலிச் சாமியார், போலிக் கண்ணீர். ஒன்றைப் போல இருப்பதும், ஒன்றின் போலியாக இருப்பதும் ஒரே வேரில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். ஒன்று நல்ல பிள்ளையாகவும் மற்றொன்று கெட்ட பிள்ளையாகவும் வளர்ந்தது ஏன்?

விடை தேட ஒரு பழைய துணை இருக்கிறது. தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் உவமைக்கென்றே ஓர் இயல் வைத்தார். ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிடும்போது அந்த ஒப்பு நான்கு நிலைகளில் அமையும் என்றார். செயல் ஒத்திருக்கலாம், அது வினை. விளைவு ஒத்திருக்கலாம், அது பயன். வடிவம் ஒத்திருக்கலாம், அது மெய். நிறம் ஒத்திருக்கலாம், அது உரு. புலி போலப் பாய்ந்தான் என்பது வினை. மழை போல வழங்கினான் என்பது பயன். துடி போன்ற இடை என்பது மெய். பவளம் போன்ற வாய் என்பது உரு. கவிதைக்காகச் சொன்ன இலக்கணம் இது. ஆனால் மனிதரை மனிதரோடு ஒப்பிடும் நம் அன்றாடப் பேச்சுக்கும் இதை ஓர் உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வடிவிலும் நிறத்திலும் மட்டும் ஒத்திருப்பது போலியாகிவிடக் கூடும். செயலிலும் பயனிலும் ஒத்திருப்பது போலியாவது அரிது.

திருவள்ளுவர் இதையே இரண்டு இடங்களில் வைத்துச் சொல்கிறார். கயமையைப் பற்றிய அதிகாரத்தைத் தொடங்கும்போதே, கயவர்கள் தோற்றத்தில் மக்களைப் போலவே இருக்கிறார்கள், இப்படிப்பட்ட ஒப்புமையை வேறெங்கும் கண்டதில்லை என்று வியக்கிறார். அந்த வியப்பில் நகைப்பும் இருக்கிறது, துயரமும் இருக்கிறது. பண்புடைமை அதிகாரத்தில் நகைப்பை விட்டுவிட்டு நேராகவே சொல்கிறார்: உறுப்பால் ஒத்திருப்பது மக்களோடு ஒத்திருப்பதாகாது, பண்பால் ஒத்திருப்பதே ஒப்பு என்கிறார். 'லிக்' என்ற பழைய ஆங்கில உடலுக்கு நம் புலவர் தந்த மறுமொழி என்றே இதைக் கொள்ளலாம்.

இந்த உரைகல்லைக் கொஞ்சம் நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்போம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைப் பற்றி விருந்தினரிடம், "எங்கள் வீட்டுப் பெண்ணைப் போலத்தான் இவளை வைத்திருக்கிறோம்" என்று சொல்லாத குடும்பம் அரிது. சொல்கிறவர் பொய் சொல்ல எண்ணுவதில்லை. அந்த நேரத்தில் உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார். தொல்காப்பியரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வினை ஒத்திருக்கிறதா? ஒத்திருக்கிறது. வீட்டுப் பெண் செய்யும் வேலையை, சொல்லப்போனால் அவள் செய்யாத வேலையையும், இவள் செய்கிறாள். பயன்? அங்கேதான் தராசு சாய்கிறது. இவளுக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர். தீபாவளிக்குப் புடவை உண்டு. நோயில் படுத்தால் அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பது ஐயம். கூலியை உயர்த்திக் கேட்டால், "வீட்டுப் பெண் போல இருந்துகொண்டு கணக்குப் பேசுகிறாயே!" என்று மனம் வருந்துவார்கள். வேலையை வாங்கும்போது மகள். பங்கைக் கொடுக்கும்போது மகளைப் போன்றவள். நடுவே நின்று இந்த மாயத்தைச் செய்வது அந்த ஒரு சிறு சொல்தான்.

இது தனி வீடுகளின் குறை மட்டுமல்ல. ஊர்களும் இதைச் செய்கின்றன. அதைப் பார்க்கவும் பழவேற்காட்டு ஏரிக்கரைதான் நமக்கு உதவுகிறது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது; தெற்கு முனையும் கடலோடு கலக்கும் முகத்துவாரமும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. முகத்துவாரத்தை ஒட்டிய நீரில் இறால் நன்றாகக் கிடைக்கும். எல்லாரும் அங்கேயே வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். அதற்காகக் கரையோரப் பட்டினவர் குப்பங்கள் பல தலைமுறைகளாக ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. அதன் பெயர் பாடு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் தீர்மானிப்பார்கள். நல்ல இடம் எப்போதும் ஒருவனுக்கே கிடைக்காது. மோசமான இடமும் ஒருவன் தலையிலேயே விழாது. ஊரில் தலைக்கட்டாகப் பதிவு பெற்ற ஒவ்வொருவனும் இதில் மற்றவனுக்கு நிகர்.

மிக அழகான ஏற்பாடு இது. 'பாடு' என்ற சொல்லையே பாருங்கள். பங்கு என்ற பொருளும் அதில் இருக்கிறது. உழைப்பு, துன்பம் என்ற பொருளும் இருக்கிறது. விகுதியாகவும் வந்து உடன்பாடு, கட்டுப்பாடு, பண்பாடு என்று எத்தனையோ நல்ல சொற்களை அது நமக்குத் தந்திருக்கிறது. வேறுபாடு என்ற சொல்லையும் அதுவே தந்திருக்கிறது.

அந்த வேறுபாடும் ஏரியில் உண்டு. தலைக்கட்டாவதற்குப் பிறப்பு வேண்டும். அந்தச் சாதியில், அந்த ஊரில் பிறந்தவனுக்கே பாடு. ஆனால் ஏரியில் இறங்குகிறவர்கள் அவர்கள் மட்டுமல்லர். ஆழமில்லாத நீரில் வலையே இல்லாமல், சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். ஆண்களும் பெண்களும் மணிக்கணக்கில் நீரிலேயே நின்று அந்த வேலையைச் செய்கிறார்கள். பாட்டில் இடம்பெறாத தாழ்த்தப்பட்ட மக்களும் மீன்பிடித்துப் பிழைக்கிறார்கள். வினையைப் பாருங்கள்: நீரில் இறங்குவது, இறாலைத் தேடுவது, கரைக்குக் கொண்டுவந்து விற்பது. எல்லாம் ஒன்றுதான். அப்படியிருந்தும் ஒருவன் மீனவன். இன்னொருவன் மீனவனைப் போன்றவன். இந்த வேறுபாட்டை ஒட்டி ஏரியில் பூசல்களும் நடந்திருக்கின்றன.

பாட்டு முறையைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எதிர்த் தரப்பில் ஒரு வலிமையான நியாயம் இருக்கிறது. ஏரி அளவற்றதல்ல. வருகிறவர் எல்லாருக்கும் வாசலைத் திறந்துவிட்டால், சில ஆண்டுகளில் யாருக்குமே இறால் இல்லாமல் போய்விடலாம். எல்லை கட்டியதால்தான் இந்த ஏற்பாடு இத்தனை காலம் நிலைத்தது. ஒருவனை 'நம்மவன்' என்று சேர்த்துக்கொள்வது இனிமையான வார்த்தைக் காரியமல்ல. கையிலிருக்கும் பங்கில் ஒரு பகுதியை அவனுக்கு வெட்டிக் கொடுக்கும் காரியம். குப்பத்து மீனவன் அதைத் தயங்காமல் செய்துவிட வேண்டும் என்று, மாதச் சம்பளத்தில் வாழும் நாம் உபதேசிப்பது எளிது. நம் வீட்டில் தனித் தட்டு இருக்கும் வரையில் அந்த உபதேசத்துக்கு நமக்கு உரிமை இல்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். எல்லை எங்கே போட வேண்டும் என்பதில் நேர்மையான மனிதர்கள் கருத்து மாறுபடலாம். ஆனால் எல்லைக்கு வெளியே நிற்பவன் செய்வதும் அதே வேலை, அவன் வயிற்றில் இருப்பதும் அதே பசி என்பதை மறைக்கச் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது.

இத்தனை சொன்ன பிறகு, 'போல' என்பதே வேண்டாத சொல், மெய்யாக இரு, அல்லது ஒதுங்கி இரு என்ற முடிவுக்கு வந்துவிடலாமா? அதுவும் சரியாகாது. வாழ்க்கையில் நல்லவை எல்லாம் முதலில் பாவனையாகத்தான் தொடங்குகின்றன. புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்தவர் முதல் நாள் ஆசிரியரைப் போலத்தான் நிற்கிறார். மாற்றாந்தாயாக வந்தவள் முதலில் தாயைப் போலத்தான் தலை வாரிவிடுகிறாள். பயந்தவன் தைரியசாலியைப் போலக் குரலை உயர்த்துகிறான். இவர்களையெல்லாம் போலிகள் என்று தள்ளிவிட்டால், உலகத்தில் ஆசிரியரும் தாயும் தைரியசாலியும் மிகச் சிலரே மிஞ்சுவார்கள்.

கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் இதைப் பற்றி அழகாக எண்ணிப் பார்த்திருக்கிறார். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனாராகிறான். நேர்மையான செயல்களைச் செய்து செய்துதான் ஒருவன் நேர்மையானவனாகிறான் என்றார். உடனே ஓர் ஐயத்தையும் அவரே எழுப்பிக்கொண்டார். நேர்மையான செயலைச் செய்துவிட்டால் அவன் ஏற்கெனவே நேர்மையானவன்தானே? இல்லை என்கிறார். அதற்கு அவர் காட்டிய உதாரணம், வேடிக்கையாக, இலக்கணம்தான். தற்செயலாகவோ, பிறர் சொல்லிக்கொடுத்தோ ஒருவன் பிழையில்லாமல் எழுதிவிடலாம். இலக்கணம் அறிந்தவனாக எழுதும்போதுதான் அவன் இலக்கணி. நேர்மையும் அப்படியே. தெரிந்து, அதற்காகவே விரும்பி, அசையாத மனத்தோடு செய்யும்போதுதான் செயல் அவனுடையதாகிறது.

இங்கே தமிழின் இன்னொரு விகுதி நமக்கு வழிகாட்டுகிறது. 'அன்பாக', 'அன்பாய்', 'அன்பான' என்கிறோம். ஆங்கிலம் இந்த இடத்தில் ஓர் உடலை ஒட்டவைத்தது. தமிழ் ஒரு வினையை ஒட்டவைத்திருக்கிறது. ஆக, ஆய், ஆன என்பவை எல்லாம் 'ஆகு' என்ற வினையின் பிள்ளைகள். அன்பாகப் பேசினான் என்றால், அன்பின் சாயலில் பேசினான் என்பதல்ல. அன்பே ஆகும்படி பேசினான். 'தாயைப் போலப் பார்த்துக்கொண்டாள்' என்பதற்கும் 'தாயாகப் பார்த்துக்கொண்டாள்' என்பதற்கும் உள்ள தூரம் எந்தத் தமிழ்க் காதுக்கும் உடனே புரியும். முதலாவது ஒப்பு, இரண்டாவது ஆக்கம். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் வழி உண்டு. ஆனால் அதை நடந்துதான் கடக்க வேண்டும்.

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் தனியாக இருக்கும் ஆயா ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நாள் அரிசி வாங்கிக் கொடுக்கிறான். "எனக்குப் புள்ள மாரி" என்று அவள் அவனை ஊராரிடம் சொல்கிறாள். அடுத்த ஆண்டு ஓலைக் கூரை பறந்தபோது அவனே வந்து வேய்கிறான். காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். சில வருஷங்களுக்குப் பிறகு புதிதாக வந்த ஒருவர், "இது யாரு ஆயா?" என்று கேட்கிறார். "எம் புள்ள" என்கிறாள் அவள். 'மாரி' எங்கே போயிற்று? யாரும் அதை எடுத்துப் போடவில்லை. கூரையிலும் காய்ச்சலிலும் அது தானாகவே கரைந்துவிட்டது.

இதற்கும் நம் இலக்கணத்தில் பெயர் உண்டு. 'முத்துப் போன்ற பல்' என்றால் உருபு வெளிப்படையாக நிற்கிறது. 'முத்துப்பல்' என்றால் உருபு மறைந்து நிற்கிறது, அது உவமைத்தொகை. நம் கடற்கரை மீனவர்கள் மீன்களுக்குப் பெயர் வைத்ததெல்லாம் இந்த வழியில்தான். நாக்கு மீன், கிளி மீன், யானைத் திருக்கை என்பார்களே தவிர, நாக்கைப் போன்ற மீன் என்று நீட்டி முழக்க மாட்டார்கள். அன்றாடம் கையில் புழங்கும் பொருளுக்கு உருபு தேவைப்படுவதில்லை. அன்றாடம் கையில் புழங்கும் உறவுக்கும் அப்படித்தான்.

ஆகவே ஒருவரைப் பற்றி 'போல' என்று சொல்லும் போதெல்லாம், அது எந்தத் திசையில் போகிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். நாளுக்கு நாள் தேய்ந்து, ஒரு நாள் மறைந்து, உறவை மட்டும் விட்டுச் செல்லப் போகும் 'போல'வா? அல்லது பத்து வருஷம் கழித்தும் அதே இடத்தில், தனித் தட்டின் பக்கத்தில், காவலாளாக நிற்கப் போகும் 'போல'வா? முதலாவது ஓர் ஏணி. இரண்டாவது ஒரு வேலி. பார்வைக்கு இரண்டும் மரத்தால் ஆனவை. ஒன்றைப் போல மற்றொன்று இருக்கும். எது எது என்று நாம் விருந்தினரிடம் பேசும் பேச்சிலிருந்து தெரியாது. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது தெரியும்.